பெரிய ப்ளக்

ஏ.சி.யின் ப்ளக்கைப் பிடுங்கக் கூடாதென்று அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றான் ஜெய்சங்கர். கூடப் பிறந்த தம்பிதான். மட்டுவார்குழலிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே குமட்டியது.

அந்தப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இந்த ஒரு அறைக்குத்தான் ஏ.சி. உள்ளே கட்டில் கிடையாது, ஆள் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் மட்டும் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

அதுவும் இவனுக்காகவா ஓடுகிறது? முகம் தெரியாத ஆட்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று கோத்து, ஒருவர் கம்ப்யூட்டரின் சக்தியை இன்னொருவர் வேலைக்கு இரவல் கொடுக்கிறார்களாம். யார் வேலை, என்ன வேலை, இவனுக்கே தெரியாது. சூடு ஏறினால் நின்றுவிடும் என்று வருஷம் பூராவும் அதற்குக் குளிர்.

அப்பா கூடத்தில் கிடந்தார். கத்திரி வெயில். மேலே ஃபேன் அனலைத்தான் வாரிக் கொட்டியது.

அந்த அறையில் ஒரு ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன் என்று போன வாரம் முழுக்கக் கெஞ்சியிருக்கிறார். கதவைத் திறந்து திறந்து மூடினால் குளிர் போய்விடும் என்றானாம் பிள்ளை. பக்கத்து வீட்டு சபீனா சொல்லித்தான், ஸ்ரீரங்கத்திலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்த குழலிக்கே அது தெரிந்தது.

தூ, இவனும் ஒரு பிள்ளை!

வீட்டில் பெரிய ப்ளக் பாயிண்ட் அது ஒன்றுதான். வயரைக் கையில் பிடித்தபடி இரண்டு பேர் கூடத்தில் காத்திருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுக்கா. ஒருத்தரோட வேலை பாதியில ஓடுது. இப்ப நிறுத்தினா நம்மள நம்பி இனிமே யாரும் வேலை தரமாட்டாங்க."

அவனை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். ஏ.சி. ப்ளக்கை வெடுக்கென்று பிடுங்கினாள். வந்தவர்கள் தங்கள் வயரை இழுத்துவந்து அதே இடத்தில் செருகினார்கள்.

கூடத்தில் ஐஸ் பெட்டி உறுமத் தொடங்கியது.

நான்கு பேர் சேர்ந்து அப்பாவைத் தூக்கி உள்ளே கிடத்திக் கண்ணாடியை மூடினார்கள். குழலி அதன்மேல் விழுந்து கதறினாள்.

தோளில் ஒரு கை பட்டது. தம்பி. பாவி, இப்போதாவது அழ வந்தானே என்று நினைத்தாள். அவன் அவள் காதருகே குனிந்தான்.

"அக்கா, எப்ப எடுக்கிறாங்க? கம்ப்யூட்டர் திரும்ப எப்ப ஓடும்னு வேலை குடுத்தவங்க கேக்கறாங்க."