மண்டல விரதம்

“என் தம்பிய என்னடி பண்ணி வெச்சிருக்கே?”

குந்தாரப்பள்ளியிலிருந்து ஜட்கா வண்டியில் வந்திறங்கிய மாதம்மாள் வாசலிலேயே கேட்டாள். தம்பி மனைவி சரோஜம்மாள் தலைகுனிந்து நின்றாள்.

நாராயணப்பனுக்கு மூத்திரப்பைக்குக் கீழே புற்று. பெங்களூர் டாக்டர் கொடுத்த மாத்திரைக்குக் கட்டி கொஞ்சமும் அசையவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது.

“மாத்திரை எப்படிடி கேக்கும்? கறியாக்கிப் போட்டிருப்பே, காப்பி ஊத்தியிருப்பே!”

“இல்லீங்க அண்ணி. நீங்க சொன்ன மாதிரியே பொழுது சாயற வரைக்கும் பார்லித் தண்ணி, அப்புறம் ராகிக் கூழுதான்.”

“புளுகாதடி! மண்டல விரதம் ஒழுங்கா நடந்திருந்தா, மாத்திரையும் சேர்ந்து இந்நேரம் கட்டி வத்தியிருக்கும்.”

கட்டிலில் கிடந்த நாராயணப்பனுக்குப் பொறுக்கவில்லை.

“அவளைத் திட்டாதே அக்கா. விரதத்தை நான் ஒரு நாளும் கெடுக்கலை.”

இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துக் கவிழ்த்தார். வெள்ளை மாத்திரைகள் கட்டிலெங்கும் உருண்டன.

“காலையில இவ குடுக்கறதை வாங்கி, இவளுக்குத் தெரியாம இதுல போட்டுக்குவேன். பொழுது சாயறதுக்குள்ள பார்லித் தண்ணியத் தவிர வேற எதுவும் பல்லுல படக்கூடாதுன்னு நீதானே சத்தியம் வாங்கினே?”

சரோஜம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

கொண்டுவந்திருந்த பார்லிப் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, மாதம்மாள் படியிறங்கிப் போனாள்.