கால்விரல் காட்டிய கொடி

"மறுபடியும் அதே கொடியைத்தான் காட்டுறார், அருந்தவன்!"

நர்ஸ் ஹம்சா அட்டையைக் கட்டிலின் கால்மாட்டில் இன்னும் கிட்டே பிடித்தாள். உலக நாடுகளின் கொடிகளை அச்சிட்ட அட்டை. மேலே 'உங்கள் மொழியைக் காட்டுங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கட்டிலில் கிடந்தவரின் வலது கால் பெருவிரல் முதல் வரிசையில் ஆஸ்திரேலியக் கொடியைத் தொட்டு நின்றது.

"அது நீங்க இருக்கிற நாடு. நான் கேக்கிறது உங்க மொழி" என்றாள் ஆங்கிலத்தில்.

விரல் அசையவில்லை.

மல்கிரேவ் புறநகரில் சைக்கிளோடு ஒரு கடையின் கண்ணாடிக் கதவில் மோதி விழுந்தவர். யாரோ வழிப்போக்கர் ஆம்புலன்சை அழைத்திருந்தார். இரண்டு கைகளிலும் ஆழமான வெட்டு. முழங்கை வரை கட்டுப்போட்டு, தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றிப் பட்டை. ஓட்டுநர் உரிமத்தில் இருந்த பெயர் சுதர்சன் வைத்திலிங்கம். அந்த முகவரிக்குப் போன போலீஸ், வீட்டில் யாரும் இல்லை என்றது.

ஆறு மணிக்கு அறுவை சிகிச்சை. மணி இப்போது நாலே முக்கால்.

"எந்த மருந்து ஒத்துக்காதுன்னு தெரியாம இவரை அனுப்ப மாட்டேன்" என்றாள் ஹம்சா. போன மாதம்தான் ஒரே ஓர் ஊசியில் ஒருத்தர் முகம் வீங்கி மூச்சுக்குத் திணறியதைப் பார்த்திருந்தாள்.

"தமிழ்ப் பேர்தானே. நான் கேட்டுப் பாக்கிறன்." வார்டு கிளார்க் அருந்தவன் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு குனிந்தான். குளிர்காலக் காய்ச்சல் பரவிய நேரம், வார்டில் எல்லார் முகத்திலும் மாஸ்க். "அண்ணை, நான் கதைக்கிறது விளங்குதோ?"

சுதர்சன் அவன் கண்களையே பார்த்தார்.

"அண்ணா, ஊசி, மாத்திரை ஏதாவது ஒத்துக்காதா?" என்றாள் ஹம்சா.

அவர் முனகிக்கொண்டே வலது கையைத் தலைப்பக்கம் தூக்கப் பார்த்தார்.

"தலை வலிக்குதா? கையை அசைக்கக் கூடாது." மெல்லப் பிடித்துத் தலையணையில் இறக்கி வைத்தாள். அவர் கண்களை இறுக மூடித் திறந்தார்.

"எங்கட ஆள் இல்லைப் போல" என்றான் அருந்தவன். அட்டை அவன் செய்தது. கொடிகள் என்றால் அவனுக்குப் பைத்தியம். "இலங்கைக் கொடியில இந்தக் காவிக்கோடு தமிழருக்காம். அதைக் காட்டினன், திரும்பியும் பாக்கேல்லை. மொரீஷியஸா இருக்கலாம். தமிழ்ப் பேர் இருக்கும், தமிழ் இருக்காது. இதில இந்த நீலம் இந்தியப் பெருங்கடல்."

அவன் அந்தக் கொடியைச் சுட்டிக் காட்டினான். கால்விரல் உறுதியாக ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிப் போனது.

"தென்னாப்பிரிக்கா?"

ஆஸ்திரேலியா.

"பிடிவாதக்காரரா இருக்காரே!" ஹம்சாவுக்கு அழுகை வரும்போலிருந்தது. "குடியுரிமை இருக்கு, என்னை வெளியாளா நினைக்காதேன்னு சொல்றாரோ?"

அருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "பொறுங்கோ! பிஜி! ரெண்டு கொடியிலயும் மூலையில பிரிட்டிஷ் கொடி, மற்றப் பக்கம் நீலம். ரத்தம் போன மயக்கத்தில மாறிக் காட்டுறார். பிஜிக் கொடியில கரும்பு இருக்குது பாருங்கோ. அந்தக் கரும்பை வெட்டத்தானே எங்கட சனத்தைக் கப்பலில ஏத்திக்கொண்டு போனவங்கள்!"

ஹம்சா தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்தாள். பத்து நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு, பிஜித் தமிழர் பலரும் இப்போது பேசும் பிஜி இந்தி தெரிந்த ஒருவர் கிடைத்தார். ஸ்பீக்கரைப் போட்டு சுதர்சனின் தலைமாட்டில் வைத்தாள். மறுமுனையில் மொழிபெயர்ப்பாளர் நிதானமாகக் கேட்டார், திருப்பியும் கேட்டார்.

சுதர்சன் போனைப் பார்த்தார், ஹம்சாவைப் பார்த்தார். அவர் கண்ணோரம் நனைந்தது. "அங்க ஆள் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு மறுமுனையில் இருந்தவர் விடைபெற்றார்.

மணி ஐந்தரை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆட்கள் வந்து கட்டிலின் பிரேக்கை எடுத்தார்கள்.

"அஞ்சு நிமிஷம்!" ஹம்சா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் வேணும்."

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். வீட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ் வந்துபோனதைச் சொல்லியிருக்கிறார். "நான் சயந்தினி. இவற்ற மனுசி."

"இவருக்கு எந்த மருந்து ஒத்துக்காது?" அவள் மூச்சு வாங்குவதற்குள் ஹம்சா கேட்டாள்.

"பெனிசிலின்! ஒருக்கா உயிர் போய் வந்தது."

ஹம்சா கொட்டை எழுத்தில் எழுதி, சிவப்புப் பட்டையை அவர் கணுக்காலில் கட்டினாள். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"இதைத்தான் அக்கா ஒரு மணி நேரமா கேக்கிறோம். வாயே திறக்கலை. என்ன மொழின்னு கேட்டா ஆஸ்திரேலியக் கொடியையே காட்டிக்கிட்டிருக்கார்."

சயந்தினி கணவனின் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தாள். தன் மாஸ்க்கைக் கழற்றி, அவர் முகத்துக்கு நேரே நின்று, இரண்டு கைகளாலும் காற்றில் என்னவோ வேகமாகக் காட்டினாள். சுதர்சனின் முகம் மலர்ந்தது.

"அவர் சரியாத்தான் காட்டியிருக்கிறார், தங்கச்சி" என்றாள். "பிறந்ததில இருந்தே இவருக்குக் காது கேக்காது. இவற்ற மொழி ஆஸ்திரேலியச் சைகைமொழி. அதைக் கதைக்கிற கை ரெண்டையும்தான் நீங்கள் கட்டி வச்சிருக்கிறியள்."