டேங்குக்குள் மெத்தை

முதலில் முகிலரசன், பந்தயக் காரின் எடையைக் குறைக்க, தன் இருக்கைக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவிலிருந்த தகரத்தைக் கழற்றினார். இரண்டாவதாக, கார் கவிழ்ந்தால் பெட்ரோலை அடைக்கும் வால்வை வேண்டாம் என்றார். மூன்றாவதாக, டேங்குக்குள் வைக்கும் தீத்தடுப்பு நுரை விலை அதிகம் என்று, மெத்தை ஸ்பாஞ்சை வெட்டித் திணித்தார்.

பந்தயத்தன்று காலை ஸ்பாஞ்ச் டேங்கைக் கூப்பிட்டது. “அண்ணே, நான் பெட்ரோல்ல கரையுறேன். தீப்பிடிச்சா எதைத் தடுப்பேன்?”

“அவரு முதுகுக்கும் எனக்கும் நடுவுல இப்ப சட்டைதான் இருக்கு,” என்றது டேங்க். “ஒரு பொறி பட்டா மூணு பேரும் சாம்பல். பந்தயத்துக்கு முன்னாடி காரைச் சோதிக்கிற பரிசோதகர் மூடியைத் திறக்கும்போது மேலே வந்துடு.”

“என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்களே.”

“போடுவாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

மூடி திறந்தது. ஸ்பாஞ்ச் கூழாக மேலே மிதந்தது. பரிசோதகர் காரை அங்கேயே நிறுத்திவிட்டார்.

“கடைக்காரன் சொன்னதை நம்பி வாங்கினேன் சார். எல்லாம் இந்த ஸ்பாஞ்சோட வேலை,” என்றார் முகிலரசன், உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல்.

பரிசோதகர் தாளில் ஏதோ எழுதினார். முகிலரசனின் பெயர் வரும் என்று டேங்க் காத்திருந்தது. மற்ற ஓட்டுநர்களைச் சாட்சிக்கு அழைத்து, அவர் உரக்கப் படித்தார்:

“குற்றம் செய்தது, மெத்தை ஸ்பாஞ்ச்.”