கூரை இல்லாத கார்

"கூரையே வேண்டாம்னா, மழை பெய்ஞ்சா என்னங்க பண்றது?" என்று கேட்டார், இத்தாலியின் மோதெனா நகரக் கார்ப் பட்டறைக்குப் புதிதாக வந்த மேலாளர் கொர்ராடோ.

"நனைய வேண்டியதுதான்," என்றார் வடிவமைப்பாளர் ஃபவுஸ்தோ.

"ஒரு துணிக் கூரையாவது போடுங்களேன்."

"அதுவும் கூடாது. வேணும்னா வேற ஆளை வெச்சு வரைஞ்சுக்குங்க."

அவரைப் போல வரைய வேறு ஆள் இல்லை. கொர்ராடோ பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். இருபது கார்கள்தான் செய்தார்கள். அத்தனையும் வெளிவரும் முன்பே விற்றுப்போயின.

அறிமுக விழாவில் கொர்ராடோ அவர் தோளில் கைபோட்டார். "நான் தோத்துட்டேன், ஃபவுஸ்தோ. தலைக்கு மேல வானம் மட்டும்தான். பெரிய ரசனைக்காரர் நீங்க."

அவர் நகர்ந்ததும் ஃபவுஸ்தோவின் மனைவி ஒர்னெல்லா மெல்லக் கேட்டாள். "அவருக்கு விஷயமே தெரியாதா?"

"அவர் வர்றதுக்கு முன்னாடி நடந்ததுதானே."

"நீங்க சொல்லலாமே."

"என் வாயால முடியாது."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் காரின் முதல் மாதிரிக்கு ஃபவுஸ்தோ உறுதியான கூரை ஒன்று வரைந்திருந்தார். சோதனை ஓட்டத்தில் கார் ஏரிக்குள் பாய்ந்தது, கதவுகள் திறக்கவில்லை. ஓட்டியவன் அவர்கள் மகன் இவானோ. அந்த ஏரியை அக்கரைவரை நீந்திக் கடக்கிறவன்.