நீல வாளித் தண்ணீர்

தனக்குக் கெடுதல் செய்தது குழாய்தான் என்று தொட்டிப்பனை நம்பியிருந்தது. சமையலறை வாசலில் நின்ற அதற்கு இலைநுனியெல்லாம் தீய்ந்திருந்தது. தொட்டி மண்ணில் உப்புப் பூத்துக் கிடந்தது. இரண்டு வருடமாகக் குழாயோடு பேச்சு இல்லை.

அன்று புதுக் குருத்தும் கருகியே வந்தது. பனைக்குப் பொறுக்கவில்லை.

“உப்புத் தண்ணியை ஊத்தி என்னைக் கொல்றியேடா, பாவி!”

“என் தண்ணி உப்புதான், இல்லேங்கல அண்ணே. ஆனா உங்களுக்கு நான் ஒரு சொட்டுக்கூட விட்டதில்லையே. வீட்டுக்கார அம்மா நீல வாளியிலருந்துதானே ஊத்துறாங்க? அதை யார் நிரப்புறான்னு பாருங்க,” என்றது குழாய்.

பனை பார்த்தது. சுவரில் மாட்டியிருந்த குடிநீர் ஃபில்டரின் கழிவு ட்யூப் வாளிக்குள் இறங்கியிருந்தது. பனைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் அது நலம் விசாரித்த ஒரே ஆள் அந்த ஃபில்டர்தான்.

“தம்பி... நீயா?”

“தண்ணியில உப்பைப் பிரிக்கிறதுதானே அண்ணே என் வேலை? நல்லது அவங்க குடிக்க. உப்பெல்லாம் சேர்ந்த மிச்சத்தை, வீணாக்காம செடிக்கு ஊத்துறாங்க.”

“இத்தனை நாள் குடிச்சேனேடா! நீ எனக்கு ஒரு செம்பு நல்ல தண்ணி தரணும். தந்தே ஆகணும்.”

“அதுக்கென்ன, தந்துட்டாப் போச்சு,” என்றது ஃபில்டர்.

வீட்டுக்கார அம்மா பொற்கொடி உள்ளே வந்தாள். கருகிய குருத்தைத் தடவி, “ஐயோ, வாடிப்போச்சே,” என்று பதறினாள். நீல வாளியைத் தூக்கி, முழுவதையும் பனைக்கே ஊற்றினாள்.