கிண்ணம் இல்லாத கூண்டு

கிளி அவள் கைக்குள் இருந்தது.

கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில். ஒரு திருகு. அவ்வளவுதான்.

விரல் அசையவில்லை.

பயம். வேறொன்றும் இல்லை, பயம்தான். 

குகை வாசலில் அவள் தம்பி செம்பன் கல்லாக நின்றான். காலையில்தான் அரக்கன் அவன் தலையில் கை வைத்தான். வைத்த இடத்திலிருந்து கல் இறங்கியது. முடி, நெற்றி, மூக்கு. ‘அக்கா’ என்று கூப்பிட வாயெடுத்தவனுக்குப் பாதியிலேயே உதடு இறுகிவிட்டது. பாறைக்குப் பின்னால் ஒளிந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அரக்கன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கடலில் இறங்கி இரை தேடப் போனான்.

அவன் உயிர் இந்தக் கிளியில் இருக்கிறது. கிளி செத்தால் அவன் சாவான். அவன் செத்தால், அவன் தொட்டுக் கல்லான அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். இது ஊர் உலகத்துக்கே தெரிந்த சங்கதி.

கடல் பக்கம் தண்ணீர் அடித்துக்கொள்ளும் சத்தம்.

வருகிறான். கூண்டை உடைத்ததுமே அவனுக்குத் தெரிந்திருக்கும். நெஞ்சுக்குள் யாரோ கை விட்டது மாதிரி இருந்திருக்கும்.

சீக்கிரம். சீக்கிரம்.

கதை சொல்கிறவர்களுக்கு என்ன? வீரன் கிளியைப் பிடித்தான், கழுத்தைத் திருகினான், அரக்கன் ஒழிந்தான் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள். கிளி இவ்வளவு சூடாக இருக்கும் என்று ஒருத்தராவது சொன்னார்களா? அதன் நெஞ்சு இப்படிப் படபடக்கும் என்று? அது முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று?

கண்ணை மூடிக்கொண்டாள். விரலை இறுக்கினாள்.

“பயமா இருக்கு,” என்றது கிளி.

அரக்கனின் குரல். காலையில் சிரித்த அதே குரல். ஆனால் சின்னதாக, தொண்டை காய்ந்துபோய்.

சனியனே! இதை இப்போது சொல்லாவிட்டால் என்ன?

கண்ணைத் திறந்துவிட்டாள். திறந்ததும் கூண்டுதான் தெரிந்தது. பொன் கூண்டு. அதற்கு ஏழு பூட்டு. ஒவ்வொன்றையும் கல்லால் அடித்து உடைத்திருந்தாள். உள்ளே ஒரு கிண்ணம் இல்லை. தண்ணீர் வைத்த தடம் இல்லை. ஒரு நெல் உமிகூட இல்லை.

பத்திரமாகத்தான் பூட்டி வைத்திருக்கிறான். ஒரு வாய் போடவில்லை.

இறகுக்குக் கீழே எலும்புதான் தட்டுப்பட்டது.

அவள் முந்தியில் ஒரு பிடி பொரி முடிந்திருந்தது. செம்பனுக்கென்று வைத்தது. கடல் காற்றில் நமுத்துப்போயிருந்தது.

முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். அடி பைத்தியக்காரி, கூடப் பிறந்தவன் அங்கே கல்லாக நிற்கிறான், நீ கிளிக்கு விருந்து வைக்கிறாயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டேதான் ஊட்டினாள்.

கிளி தின்றது. விக்கியது. மறுபடியும் தின்றது.

வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது.

பிறகு வெளிச்சம் போய்விட்டது. வாசலை அடைத்துக்கொண்டு அவன் நின்றான். கையில் தண்டாயுதம்.

அவசரமாகக் கிளியின் கழுத்தைப் பிடித்தாள். இன்னும் ஒரு அடி வைத்தால் திருகிவிடுவேன் என்று கத்த நினைத்தாள். 

கிளி அவனைப் பார்த்தது.

பார்த்ததும் அதன் உடம்பெல்லாம் உதறியது. விரல்களுக்குள் நெளிந்து, அவள் கைம்மடிப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. கழுத்தைத் திருக வந்தவளிடமே ஒளிந்துகொண்டது.

அரக்கன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

தண்டாயுதம் மெல்லக் கீழே இறங்கியது.

“அது... ஏதாச்சும் தின்னுச்சா?”

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

“இத்தனை காலமா ஒரு வாய்த் தண்ணி வைக்கத் தோணலையா உனக்கு? பாவி!”

அவன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தான். பிறகு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொன்னையும் இரும்பையும் தவிர அவன் கை பட்டதெல்லாம் கல். அவன் அள்ளிய தண்ணீரும் தானியமும் வேறு என்னவாக ஆகியிருக்கும்?

இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கழுத்து விரலுக்குள்தான் இருக்கிறது. ஒரு திருகில் செம்பன் எழுந்துவிடுவான். திருகு, திருகு என்று மனசு அடித்துக்கொண்டது.

கிளி மீதிப் பொரியை எட்டிப் பார்த்தது.

அவள் எழுந்தாள்.  அவன் முன்னால் போய் நின்றாள். அவன் கையால் ஒரு தடவையாவது அது தின்ன வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

“கைய நீட்டு.”

மாட்டேன் என்று தலையை ஆட்டினான். ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அத்தனை பெரிய உருவம், அவளுக்குப் பயந்து.

“நீட்டுன்னா நீட்டு.”

நீட்டினான்.

ஒரே ஒரு பொரியை அதில் போட்டாள். டிக் என்று விழுந்தது. கூழாங்கல்.

செம்பா, என்னை மன்னிச்சிருடா.

மீதிப் பொரியைத் தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். அந்தக் கையை அவன் கைமேல் வைத்தாள். மற்றக் கையிலிருந்து கிளியை விட்டாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். விரல் நுனியிலிருந்து கல் ஏறும் என்று காத்திருந்தாள். கிளி அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.

கிளி கொத்தியது.

வலித்தது.

கண்ணைத் திறக்க இன்னும் பயமாக இருந்தது.

வாசலில், செம்பன் கல்லாக நின்ற இடத்தில், யாரோ தும்மினார்கள்.