சோப்பு வாசனை அடித்த பென்டிரைவ்

பேனர் அடிக்கிற கடை ஒன்றில் பென்டிரைவும் செல்போனும் ஒரே மேசையில் குடியிருந்தன. அன்று பென்டிரைவுக்கு மனசே சரியில்லை. கடைக்காரி ஜெபராணியிடம் பை வைத்துத் தைத்த சுடிதார் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்தப் பைக்குள் பென்டிரைவை வைத்து மறந்துவிட்டு, அப்படியே வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். இப்போது பென்டிரைவ் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தது. பிழைக்காவிட்டால் குப்பைக்கூடைதான்.

“என்னைப் பாருண்ணே,” என்றது செல்போன். “என் சரக்கெல்லாம் நெட்டு வழியா கிளவுடுல ஏறிப் பத்திரமா இருக்கு. என்னைக் கிணத்துல போட்டாலும் ஒரு படம் அழியாது.”

“எவன் வீட்டுப் பரண்லயோ போட்டுட்டு என் சரக்குங்கிறியா? அவன் கதவைச் சாத்திட்டா என்னடா பண்ணுவே?”

“உனக்குப் பொறாமைண்ணே!”

சாயங்காலம் கல்யாண வீட்டார் பேனருக்கு வந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. மணமக்கள் படத்தைத் திறக்கப் போனால் செல்போன் திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் ஜெபராணி பென்டிரைவை ஊதிக் கம்ப்யூட்டரில் சொருகினாள். அது மூச்சைப் பிடித்துக்கொண்டது. திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள்.

நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பிய பென்டிரைவுக்கு, செல்போனின் வாடிய முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

“தம்பி, நெட் வந்ததும் என்கிட்ட இருக்கிறதையெல்லாம் உன் பரண்ல ஏத்திடு.”

“ஏண்ணே, கதவைச் சாத்திடுவான்னியே?”

“சாத்துவான்தான். ஆனா இவ மறுபடியும் அந்தச் சுடிதாரைத் துவைப்பாளே!”